மேப்பிள் பாணியைப் போத்தலில் அடைக்க முன் வடிப்பது எப்படி?

வளவில் நிற்கும் மேப்பிள் மரங்களில் சாறு எடுத்து, முதல் தடவையாகப் பாணி காய்ச்சியிருக்கிறீர்கள். மெல்லிய பருத்தித் துணியால் ஒருமுறையும் கோப்பி வடிதாளால் இன்னொருமுறையும் வடித்தீர்கள். பிறகு கிருமி ஏதும் இருந்தால் சாகட்டும் என்று மறுபடியும் ஒரு கொதி வரவிட்டுப் போத்தலில் ஊற்றினீர்கள். ஊற்றும்போது தெளிவாகத்தான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பாணி மங்கிப்போய், அடியில் பழுப்பாகச் சேறு படிந்திருக்கிறது. இது பழுதா, சாப்பிடலாமா, அடுத்த முறை எப்படி வடிப்பது, மெஷின் ஏதும் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் சாப்பிடலாம், பழுது இல்லை. மெஷினும் வேண்டாம். நல்ல வடி ஒன்று வாங்கத்தான் வேண்டும், ஆனால் அதை மட்டும் மாற்றினால் இந்தச் சேறு போகாது. நீங்கள் கடைசியாகச் செய்த காரியம், அதாவது வடித்த பாணியைத் திரும்பக் கொதிக்கவிட்டது, துணி பிடிக்கத் தவறிய சேறு போதாதென்று புதுச் சேற்றையும் உண்டாக்கியிருக்கும். வீட்டில் காய்ச்சுகிறவர்களில் நான் பார்த்த பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். துணியை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், வரிசையை மாற்ற மாட்டார்கள்.

முதலில் அந்தச் சேறு என்னவென்று சொல்கிறேன். இங்கே கனடாவில் காய்ச்சுகிறவர்கள் அதைச் சீனி மணல் என்பார்கள், நைட்டர் என்றும் சொல்வார்கள். பெரும்பகுதி கல்சியம் மலேட் என்ற உப்பு. மரம் மண்ணிலிருந்து உறிஞ்சிய கல்சியமும், சாற்றில் இயல்பாகவே இருக்கும் மாலிக் அமிலமும் சேர்ந்து வருவது. புளிப்பு அப்பிளில் இருப்பதும் அதே அமிலம்தான். பச்சைச் சாற்றில் இதெல்லாம் கரைந்தே இருக்கும். ஒரு குவளையில் பிடித்துப் பார்த்தால் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நாற்பது லீற்றரை ஒரு லீற்றராக வற்றவைக்கும்போது, அந்த நாற்பது லீற்றரிலும் இருந்த உப்பு முழுவதும் ஒரு லீற்றருக்குள் நெருக்கப்படுகிறது. கரைந்திருக்க இடம் போதாமல் பொடியாகப் பிரிகிறது. கருப்பநீர் காய்ச்சுகிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாக இராது. அங்கே முட்டியில் பூசிய சுண்ணாம்பை அடியில் தெளியவிட்டு வடித்த பிறகுதான் பனங்கட்டிக்குக் காய்ச்சுவார்கள். மேப்பிளில் கல்சியத்தை மரமே கொண்டு வருகிறது, அதுவும் காய்ச்சக் காய்ச்சத்தான் வெளியே தெரிகிறது. அதனால் முன்கூட்டியே தெளியவிட்டு எடுக்க வழியில்லை.

எவ்வளவு மணல் வரும் என்பதை யாராலும் அறுதியாகச் சொல்ல முடியாது. மண், மரம், பருவத்தின் எந்தக் கிழமை என்பதைப் பொறுத்து மாறும். ஆனால் ஒரு கணக்கு உதவும். அமெரிக்காவின் வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. எச். ஜோன்ஸ் 1946இல் சொன்ன 86 விதி அது. 86ஐ உங்கள் சாற்றின் பிரிக்ஸ் அளவால், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சீனி என்ற அளவால், வகுத்தால் ஒரு பங்கு பாணிக்கு எத்தனை பங்கு சாறு வேண்டும் என்று வரும். 2 பிரிக்ஸ் சாறு என்றால் 43 பங்கு. 1.5 என்றால் 57க்கும் மேலே போய்விடும். அந்த மேலதிகச் சாறு கொண்டுவரும் உப்பும் உங்கள் சட்டிக்குள்தான் சேரும். சீனி மேப்பிள் மரத்தை விட நகரத்து வளவுகளில் அதிகம் நிற்கும் சிவப்பு மேப்பிள், வெள்ளி மேப்பிள் மரங்களின் சாற்றில் பொதுவாக இனிப்புக் குறைவு. உங்களுடையவை அந்த வகையென்றால் வடிப்பதில் இன்னும் கவனம் தேவை.

பங்குனி கடைசியில், பகல் சூடு ஏறத் தொடங்கிய பிறகு எடுக்கும் சாறு வேறு விதமாகத் தொந்தரவு தரும். வாளியில் கிடக்கும்போதே நுண்ணுயிர்கள் பெருகி, சாறு வழுவழுப்பாகிவிடும். அப்படியான சாற்றில் காய்ச்சிய பாணி எந்த வடியையும் நிமிடத்தில் அடைத்துவிடும். அதற்கு வடியில் மருந்து கிடையாது. எடுத்த சாற்றை அன்றன்றே காய்ச்சுவது, முடியாவிட்டால் பனிக்குள் புதைத்துக் குளிராக வைப்பது, வாளியைச் சுத்தமாக வைத்திருப்பது, இவைதான் வழி. நுரை அடக்கப் போடும் பட்டரையும் இதோடு சொல்லிவிடுகிறேன். ஒரு துளி போதும். அள்ளிப் போட்டால் அந்தக் கொழுப்பும் வடித்துணியில் படிந்து அடைக்கும்.

இந்த மணல் கெடுதல் செய்யாது என்றால் ஏன் இவ்வளவு பாடுபட்டு வடிக்க வேண்டும்? நாக்கில் தட்டுப்படும், அதுதான் முதல் காரணம். பான்கேக்கில் ஊற்றிச் சாப்பிடும்போது பல்லுக்கிடையில் நெருநெருவென்று ஒரு பொடி, சுண்ணாம்புச் சாயலில் ஒரு மந்தமான சுவை. மேப்பிளின் மணத்தில் ஒரு பகுதியை அது மூடிவிடும். அடுத்தது நிறம். கனடாவிலும் அமெரிக்காவிலும் பாணியின் நிற வகையைப் பாணிக்கூடாக எத்தனை வீதம் வெளிச்சம் போகிறது என்று பார்த்தே குறிக்கிறார்கள். 75 வீதமோ அதற்கு மேலோ போனால் பொன்னிறம், 50க்கும் 75க்கும் இடையில் அம்பர், 25க்கும் 50க்கும் இடையில் கருமை, அதற்கும் கீழே மிகக் கருமை. மணல் மிதக்கும் பாணி வெளிச்சத்தை மறித்து, உள்ளதைவிட ஒரு படி இருண்டு காட்டும். பருவத் தொடக்கத்துச் சாற்றில் வரும் பொன்னிறத்தை, அவ்வளவு விறகு எரித்துக் காய்ச்சியதை, சேற்றால் இழப்பது எனக்கு மனம் பொறுக்காத விஷயம்.

இப்போது உங்கள் துணிக்கு வருவோம். பருத்தித் துணி ஒரு வேலையை நன்றாகச் செய்யும். சாம்பல், மரப்பட்டைத் துண்டு, விழுந்த பூச்சி இவற்றைப் பிடிக்கும். சீனி மணல் அதைவிட எவ்வளவோ நுண்ணியது, துணிக்கூடாக அப்படியே போய்விடும். நாலாக மடித்தாலும் பெரிய மாற்றம் வராது. கோப்பி வடிதாளுக்கு எதிர்மாறான குறை. அதன் துளைகள் சின்னவைதான், ஆனால் தாள் மெல்லியது, மணலைத் தாங்கிக்கொள்ள அதற்குள் இடமில்லை. முதல் அரைக் கோப்பை இறங்கும், அதற்குள் மேற்பரப்பு மூடிவிடும். நீங்கள் காத்திருக்கும் நேரத்தில் பாணி ஆறும், ஆற ஆறத் தடிக்கும், தடித்தால் ஒரு சொட்டும் இறங்காது. தாளை மாற்றி மாற்றி இரவிரவாகச் சமையலறையில் நிற்க வேண்டியதுதான்.

இதற்கென்றே செய்த கூம்பு வடி இருக்கிறது. ஃபெல்ட் என்ற, இழைகளை நெய்யாமல் அமுக்கிச் செய்த தடித்த துணியில் தைத்தது. முன்பு கம்பளியில் வந்தது, இப்போது பெரும்பாலும் செயற்கை நூலில் வருகிறது. ஒரு லீற்றர் அளவிலிருந்து பெரிய அளவுகள் வரை கிடைக்கும். மேப்பிள் சாமான் விற்கும் கடைகளில் மட்டுமல்ல, பருவ காலத்தில் ஒன்ராறியோ, கியூபெக் பக்கத்து ஊர்ப்புற வன்பொருள் கடைகளிலும் பார்க்கலாம். ஃபெல்ட்டின் பலம் அதன் தடிப்பில் இருக்கிறது. மேலே மட்டும் பிடிக்காமல், உள்ளே போகப் போகவும் மணலைச் சிக்கவைக்கும். அதோடு முன்வடிகளையும் வாங்குங்கள். காகிதம் போலத் தெரியும் மெல்லிய கூம்புகள் அவை, ஆனால் துவைத்துப் பாவிக்கலாம். மூன்று நாலு முன்வடிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஃபெல்ட் கூம்புக்குள் வைக்க வேண்டும். விலை குறைவு, பலன் மிகப் பெரிது. ஃபெல்ட் மட்டும் வாங்கி முன்வடியை விட்டுவிட்டால் பாதிக் காரியம்தான் ஆகும்.

புது வடியை அப்படியே பாவிக்காதீர்கள். வெறும் தண்ணீரில் சில நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். ஆலைத் துணியின் வாடை பாணிக்குள் இறங்கினால் எடுக்கவே முடியாது.

இனி வரிசை. வெளியே விறகு அடுப்பில் பாணி முற்றாகப் பதம் வரும்வரை காய்ச்சாதீர்கள். பதத்துக்கு ஓரிரு பாகை முன்னால் இறக்கி, அப்போது உங்கள் பருத்தித் துணியால் ஒருமுறை வடித்துச் சமையலறைக்குள் கொண்டு வாருங்கள். சாம்பலும் குப்பையும் அங்கேயே போய்விடும். கடைசிப் பதம் கேஸ் அடுப்பிலோ மின் அடுப்பிலோ கவனமாக வரட்டும். பதம் என்பது, தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேலே கிட்டத்தட்ட 4 பாகை செல்சியஸ், பரனைட்டில் 7. கடல் மட்டத்தில் 104 என்று வரும். ஆனால் ஊரின் உயரத்தாலும் அன்றைய காற்றழுத்தத்தாலும் தண்ணீர் கொதிக்கும் சூடு மாறும். ஆகையால் காய்ச்சுகிற அன்றே அதே வெப்பமானியால் கொதிக்கும் தண்ணீரை அளந்துவிட்டு, அதிலிருந்து 4 கூட்டுங்கள். இதைவிட நம்பகமானது மேப்பிளுக்கான ஹைட்ரோமீற்றர், பாணியில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி. கொதிக்கக் கொதிக்கப் பார்க்க அதில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பாணி அந்தக் கோட்டில் நின்றால், ஆறும்போது 66 பிரிக்ஸுக்கு வந்துவிடும். கனடாவில் சட்டப்படி குறைந்தது 66 இருக்க வேண்டும். வெர்மொன்ட்டில் 66.9.

அடர்த்தியை வடிக்கும் முன்பே சரிபார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வடித்து முடிந்த பிறகு பாணி தண்ணியாக இருக்கிறதென்று கண்டால் திரும்பக் கொதிக்கவிட வேண்டி வரும். கொதித்து வற்றினால் உப்புக்கு இன்னும் இடம் குறைந்து புது மணல் பிரியும், மறுபடி வடிக்க வேண்டும். தடித்துப்போயிருந்தால் அடுப்பில் இருக்கும்போதே கொஞ்சம் கொதிநீர் விட்டுச் சரிசெய்யலாம். அதற்குப் பச்சைச் சாற்றை விடாதீர்கள், அது தன் பங்கு உப்பையும் கொண்டு வரும்.

பாணி பதத்துக்கு வரும் அதே நேரம் வடி தயாராக நிற்க வேண்டும். ஃபெல்ட் கூம்பையும் முன்வடிகளையும் கொதிநீரில் நனைத்து எடுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது, நூல் அறுந்து துளை பெரிதாகும். இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் வைத்து மெல்ல அமுக்கி நீரை வெளியேற்றுங்கள். காய்ந்த ஃபெல்ட் உங்கள் பாணியை நிறையக் குடித்துவிடும், நனைந்த ஃபெல்ட் அவ்வளவு குடிக்காது, பாணியும் சுலபமாக இறங்கும். உயரமான துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தின் விளிம்பில் துணி மாட்டும் கிளிப்புகளால் கூம்பைத் தொங்கவிடுங்கள். கூம்பின் நுனி அடியில் சேரும் பாணியில் தோயக் கூடாது. தோய்ந்தால் இறக்கம் நின்றுவிடும்.

அடுப்பிலிருந்து இறக்கியவுடன் ஊற்றுங்கள். 90 பாகைக்கு மேலே இருக்கும்போது பாணி தண்ணீருக்குக் கிட்டவாக ஓடும், 80க்குக் கீழே போனால் நேரம் இழுக்கும். ஊற்றிய உடனே மூடி போடுங்கள். சூடு நிற்கும், ஆவியாகித் தடிப்பதும் குறையும். முதலில் நூல் பிடித்ததுபோல ஓடும், கொஞ்சத்தில் சொட்டுச் சொட்டாகும். அப்போது உள்ளே எட்டிப் பாருங்கள். மேல் முன்வடியின் சுவரெல்லாம் சாம்பல் கலந்த பழுப்பில் ஒரு பசை ஒட்டியிருக்கும், அதன்மேல் பாணி அசையாமல் நிற்கும். அந்த ஒரு முன்வடியின் விளிம்பை மட்டும் இரண்டு பக்கமும் பிடித்து மெல்லத் தூக்குங்கள். நிற்கும் பாணி அடுத்த முன்வடிக்குள் வடியட்டும், பிறகு அழுக்கானதை ஒரு கிண்ணத்தில் வையுங்கள். புதுப் பரப்பு கிடைத்தவுடன் கீழே ஓட்டம் திரும்பவும் தொடங்கும் சத்தம் கேட்கும். அடுத்ததும் அடைத்தால் அதையும் இப்படியே எடுக்கலாம். எத்தனை அவசரமாக இருந்தாலும் கூம்பை வெளியிலிருந்து அமுக்கவோ கரண்டியால் சுரண்டவோ வேண்டாம். பிடித்து வைத்த மணலை நீங்களே கீழே தள்ளிவிடுவீர்கள்.

வடித்ததைச் சின்னக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சூடாக இருக்கும்போது நுண்ணிய காற்றுக் குமிழிகளாலும் மங்கலாகத் தெரியலாம். சில நிமிடம் வையுங்கள், குமிழி மேலேறிப் போய்விடும், மணல் போகாது. மங்கல் நின்றால் ஆற முன்னரே இன்னொரு முறை சுத்தமான முன்வடியால் விடுங்கள்.

இனித்தான் நீங்கள் கொதிக்கவிட்ட கட்டம். போத்தலில் அடைக்கப் பாணி 82 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அந்தச் சூடுதான் போத்தலின் உள்பக்கத்தையும் மூடியையும் சுத்தப்படுத்துகிறது. ஆனால் 88க்கு மேலே போகவிடாதீர்கள். 82க்கும் 88க்கும் இடையில் கிருமிப் பயமும் இல்லை, புது மணலும் வராது. கிருமி சாகக் கொதிக்கவிட வேண்டும் என்ற உங்கள் எண்ணம் இயல்பானதுதான், ஆனால் அந்தப் பாணி ஏற்கெனவே மணிக்கணக்காகக் கொதித்து வந்தது. அதற்கு இன்னொரு கொதி தேவையில்லை. வடித்து முடிய 82க்குக் கீழே ஆறியிருந்தால் சூடாக்கலாம், நேரடி நெருப்பில் வேண்டாம். நேரடியாக அடுப்பில் வைத்தால் வெப்பமானி 85 காட்டும்போதே சட்டியின் அடிப்பரப்பு அதைவிட எவ்வளவோ கூடுதலாகச் சுடும், அந்த இடத்தில் மணல் பிறக்கும். பெரிய சட்டியில் தண்ணீர் சூடாக்கி, அதற்குள் பாணிப் பாத்திரத்தை வையுங்கள். பெரிய உற்பத்தியாளர்கள் பாவிக்கும் அடைக்கும் தொட்டிகளில் சுற்றிலும் தண்ணீர் உறை வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

போத்தல்களை முன்னரே இளஞ்சூடாக்கி வைத்தால் கண்ணாடி வெடிக்காது. கழுத்துவரை நிரப்பி, மூடி, ஓரிரு நிமிடம் படுக்கவைத்து எடுங்கள், சூடான பாணி மூடியின் உள்ளே படும். பிறகு நிமிர்த்தி இடைவெளி விட்டு ஆறவையுங்கள். சூட்டோடு நெருக்கி அடுக்கினால் நடுவில் இருப்பவை மணிக்கணக்காகச் சூடு பிடித்து நிறம் கறுத்துவிடும்.

நீங்கள் காய்ச்சுவது ஒரு தடவைக்கு அரை லீற்றர், ஒரு லீற்றர் என்றால் ஒவ்வொரு முறையும் கூம்பு வடி வைப்பது நட்டம். ஃபெல்ட் குடிக்கும் பாணி, முன்வடியில் தங்கும் பாணி என்று உங்கள் உழைப்பில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும். அதனால் ஒவ்வொரு காய்ச்சலையும் பதத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, துணியால் வடித்து, குளிர்சாதனப் பெட்டியில் சேர்த்து வையுங்கள். சில லீற்றர் சேர்ந்ததும் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பதம் வரவிட்டு, ஒரே தடவையில் வடித்து அடையுங்கள். சின்ன அளவில் காய்ச்சுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்த நாளுக்கு, பழைய பெரிய கோப்பிப் பாத்திரம், கூட்டங்களில் வைப்பார்களே, கீழே குழாய் உள்ள மின்சாரப் பாத்திரம், அது கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே கூம்பைத் தொங்கவிட்டு வடிக்கலாம், சூடு நிற்கும், குழாயால் நேரே போத்தலில் பிடிக்கலாம். நீண்ட காலம் கோப்பிக்குப் பாவித்ததாக இருந்தால் மட்டும் வேண்டாம், அந்த மணம் போகாது.

வடி வாங்கவே விருப்பமில்லை என்றால் தெளியவிடுவது ஒன்றே வழி. பதம் வந்த பாணியைச் சூடாக உயரமான கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி, மூடி, அசைக்காமல் வைத்துவிடுங்கள். பாணி தடித்தது என்பதால் மணல் மெல்லத்தான் இறங்கும், நாட்கள் ஆகும், சில வேளை கிழமைகள். மேலே தெளிந்ததை அடி கலங்காமல் வேறு பாத்திரத்துக்குச் சரித்து, நான் சொன்ன மாதிரித் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து 85 பாகைக்குச் சூடாக்கி அடைக்கலாம். ஃபெல்ட்டில் வடித்த அளவுக்குப் பளபளப்பு வராது. வீட்டுக்கு அது போதும்.

மெஷின் என்று நீங்கள் கேட்டது ஃபில்டர் பிரெஸ்ஸாக இருக்கும். பல தகடுகளை அடுக்கி இடையில் தாள் வைத்து, பாணியில் டயட்டமேசியஸ் மண்ணைக் கலந்து பம்பால் அழுத்தி விடுவார்கள். டயட்டம் என்ற நுண்பாசிகளின் ஓடுகள் சேர்ந்த மண் அது. தாளின்மேல் அந்த மண் ஒரு படையாகப் படிந்து, மணலைப் பிடித்தபடியே பாணிக்கு வழியும் விடும். கடையில் நீங்கள் பார்க்கும் பளிச்சென்ற பாணி பெரும்பாலும் இப்படி வடித்ததுதான். கையால் இயக்கும் சின்னப் பிரெஸ்ஸும், வெற்றிடத்தால் உறிஞ்சும் வடியும் வீட்டுக்காரருக்கென்று வந்திருக்கின்றன. ஒரே நாளில் இருபது, முப்பது லீற்றர் அடைக்கிறவருக்கு அந்தச் செலவு தகும். உங்களுக்குத் தகாது. ஒருவேளை அந்த மண்ணை மட்டும் வாங்கிப் பரீட்சிக்க நினைத்தால், உணவுக்கென்று குறித்ததை மட்டும் வாங்குங்கள். நீச்சல் குளத்துக்கு விற்பது பெயரில் ஒன்றாக இருந்தாலும் உணவுக்கு ஆகாது, அதில் படிக சிலிக்கா அதிகம். எந்த வகையாக இருந்தாலும் கொட்டும்போது தூசி மூச்சில் போகாமல் முகக்கவசம் போடுங்கள்.

போத்தலின் அடியில் தெரிவதெல்லாம் சீனி மணல் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணாடித் துண்டுபோலக் கட்டியாக, ஒளி புகும்படி இருந்தால் அது சீனிக் கற்கண்டு. பாணி 69 பிரிக்ஸ் பக்கம் தடித்துப்போனதன் அடையாளம், வடிப்பதோடு சம்பந்தமில்லை. சந்தேகம் வந்தால் அடியில் உள்ளதை ஒரு சிட்டிகை எடுத்துச் சுடுநீரில் கலக்குங்கள். சீனி கரைந்து மறைந்துவிடும், மணல் மங்கலாக நிற்கும். மேற்பரப்பில் படலமாக ஏதும் தெரிந்தாலோ, திறக்கும்போது புளித்த மணமும் குமிழியும் வந்தாலோ கதை வேறு. பாணி 66க்குக் குறைந்து தண்ணியாக இருந்திருக்கும், அல்லது ஆறிய பிறகு அடைத்திருப்பீர்கள். அதைச் சாப்பிட வேண்டாம்.

இப்போது கையில் இருக்கும் போத்தல்களை என்ன செய்வது? அசைக்காமல் இன்னும் ஒரு கிழமை வையுங்கள். தெளிந்ததைச் சரித்தெடுத்து, தண்ணீர்ச் சட்டியில் 85க்குச் சூடாக்கி, சுத்தமான போத்தலில் திரும்ப அடையுங்கள். அடிச்சேற்றோடு மிஞ்சுவதில் நிறையப் பாணி இருக்கிறது, கொட்ட வேண்டாம். கேக் மாவிலோ ஓட்ஸ் கஞ்சியிலோ, இறைச்சிக்குப் பூசும் கலவையிலோ சேர்த்தால் நெருநெருப்பு தெரியாது.

வடியைக் கழுவுவதில் ஒரே ஒரு கண்டிப்பு: சவர்க்காரம் வேண்டாம், வாடை மருந்து வேண்டாம், சலவை மெஷினும் வேண்டாம். ஃபெல்ட் எந்த மணத்தையும் பிடித்து வைத்து அடுத்த பாணிக்குக் கொடுத்துவிடும். வடித்த கையோடு, மணல் காய முன், உள்பக்கத்தை வெளியே திருப்பிச் சுடுநீரில் அலசுங்கள், தண்ணீர் தெளிந்து வரும்வரை. முதல் அலசலில் வரும் தண்ணீர் நல்ல இனிப்பாக இருக்கும், நான் அதைத் தேநீருக்கு எடுத்துக்கொள்வேன். முறுக்காமல் நீரை அமுக்கி, காற்றோட்டமான இடத்தில் முற்றாகக் காயவிடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த ஃபெல்ட் பூஞ்சணம் பிடித்தால் எறிய வேண்டியதுதான். பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது உடுப்பு அலுமாரியில் பூச்சியுருண்டையோடு வைத்துவிடாதீர்கள், காகிதப் பையில் சுற்றித் தனியாக வையுங்கள். காய்ச்சிய சட்டியின் அடியில் வெள்ளையாக இறுகிப்போயிருப்பதும் இதே மணல்தான். அதைக் கம்பியால் சுரண்டத் தேவையில்லை. வினாகிரியும் தண்ணீரும் கலந்து இரவு முழுக்க ஊறவிட்டால் காலையில் துணியாலேயே துடைத்தெடுத்துவிடலாம்.